பழம் பறிக்கும் முன்னே பண்டிகை வந்துடுது! ஏற்காடு மலையில் கடனோடு ஒரு கிறிஸ்துமஸ் கணக்கு

ஏற்காடு:

'ஏழைகளின் ஊட்டி' என்று ஏற்காட்டுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. சேலத்தில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏரியில் படகு விட்டு, மிளகும் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு மாலையே திரும்பிவிடும் நமக்கு அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் படும். அந்த மலையிலேயே இருந்து வேலை செய்து பிழைக்கிற ஏழையின் பாடு என்ன என்று யாரும் கேட்பதில்லை.

டிசம்பர் வந்தால் எஸ்டேட் லைன் வீடுகளின் கூரையில் காகித ஸ்டார் ஏறும். உள்ளே குடில் வைப்பார்கள். ராத்திரிப் பனியில் கேரல் பார்ட்டி வந்து பாடிவிட்டுப் போகும். பார்க்க அழகுதான்.

அந்த ஸ்டாருக்குப் பின்னால் எத்தனை வீட்டில் தண்டல் நோட்டு தொங்குகிறது என்று எட்டிப் பார்த்தால் அழகு கொஞ்சம் குறையும்.

கிறிஸ்துமஸ் செலவு அதிகம், அதனால் கடன் என்று லேசாகச் சொல்லிவிடுகிறார்கள். விஷயம் அது இல்லை. மலையின் காலண்டர் ஒன்று, பண்டிகைக் காலண்டர் ஒன்று. இரண்டும் சில வாரம் முன்னே பின்னே நிற்கின்றன. நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில்தான் வட்டிக்காரர் நாற்காலி போட்டு உட்காருகிறார்!

மலையில் காசு எப்போது இறங்கும்?

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்தான் சேர்வராயன் மலையில் காப்பிச் செடி வைத்தவர். அன்றிலிருந்து இந்த மலையின் சம்பளத் தேதியை முடிவு செய்வது காப்பிதான்.

மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று விழ வேண்டும். 'பூ மழை' என்பார்கள். அது விழுந்தால் மல்லிகை மாதிரி வெள்ளை வெளேரென்று பூக்கும். பிஞ்சு விட்டுக் காயாகிச் சிவக்க எட்டு ஒன்பது மாசம். அரபிகா ரகம். நவம்பரில் பறிப்பு ஆரம்பித்து ஜனவரி, பிப்ரவரி வரை போகும். ஒரே தடவையில் உருவி எடுக்க முடியாது. பழுத்ததைப் பார்த்துப் பார்த்து மூன்று நான்கு சுற்று பறிக்க வேண்டும்.

நவம்பர் கடைசியில் நடப்பது முதல் சுற்று. பழம் சுமார்தான். நல்ல பறிப்பு டிசம்பர் கடைசி, ஜனவரியில். கிலோக் கணக்கில் கூலி வாங்குகிற ஆளுக்குக் கூடுதல் காசு பார்க்கிற வாரமும் அதுதான். சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி அதற்கும் பின்னால். ஜனவரிக்கு மேல்தான் மிளகு.

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜியும் மக்காச்சோளமும் விற்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கிறிஸ்துமஸ் லீவுக்கு டூரிஸ்ட் கூட்டம் வந்தால்தான் அவர்கள் கல்லா நிரம்பும். அதாவது பண்டிகைக்கு முன்னால் இல்லை, பண்டிகை அன்றுதான்.

ஆக, மலையில் காசு வருவது டிசம்பர் கடைசிக்கு மேல். துணி எடுக்க வேண்டியதோ டிசம்பர் முதல் வாரம். இதற்கு முன்னே இருக்கிற செப்டம்பர், அக்டோபர் மாசங்களில் மழை, வேலைக் குறைவு, காய்ச்சல், ஆஸ்பத்திரி. கடன் ஏறுவது அப்போது.

இரண்டு ஏக்கர் மூன்று ஏக்கர் காப்பி வைத்திருக்கிற மலைவாசிச் சிறு விவசாயிக்கும் இதே கதை வேறு ரூபத்தில் நடக்கும். கைச்செலவுக்கு வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டால், பழம் பறிக்கும்போது விலை பேசுகிற வாய் அடைபட்டுப் போகும். வியாபாரி சொன்ன விலைதான்.

காப்பி விலையைத்தான் உலகமே பேசியது. பிரேசிலில் 1975 ஜூலையில் பனி கொட்டிக் காப்பிச் செடி கருகியது. அதனால் 1977-ல் நியூயார்க் மார்க்கெட்டில் விலை உச்சிக்குப் போயிற்று. அந்த உச்சத்தை 2024 டிசம்பரில்தான் தாண்டினார்கள். 2025 பிப்ரவரியில் பவுண்டு 4 டாலரையும் தாண்டி ஏறியது. அந்த வேகத்தில் பறிக்கிற கூடைக்காரியின் கூலி ஏறுமா? ஏறாது. கூலி பேச்சுவார்த்தைக்கும் ஒப்பந்தத்துக்கும் கட்டுப்பட்டது. மார்க்கெட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஒரு வீட்டுக் கணக்கு

பேச்சை விட்டுக் கணக்குக்கு வருவோம். கீழே வருவது எந்த ஒரு வீட்டின் கணக்கும் இல்லை. நாமே போட்டுப் பார்க்கிற கணக்கு. உங்கள் வீட்டுத் தொகையை இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் எஸ்டேட் வேலை. ஆளுக்கு நாள் கூலி 400 ரூபாய், மாசம் 24 நாள் என்று வைப்போம். சேர்த்து 19,200. மூன்று பிள்ளைகள். லைன் வீடு, வாடகை கிடையாது.

ரேஷன் அரிசி இலவசம். 2011 ஜூனிலிருந்து அப்படித்தான். அது போக மளிகை, காய், பால், கறி என்று 7,500. பிள்ளைகள் படிப்பு, நோட்டு, தின்பண்டம் 1,500. செல்போன், டி.வி. ரீசார்ஜ் 600. பஸ், மருந்து 1,500. கோயில் காணிக்கை 300. ஆக 11,400.

(டாஸ்மாக் கணக்கை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் கணக்கு ஒத்துவராது. சேர்க்காவிட்டால் சில வீட்டில் குடும்பமே ஒத்துவராது!)

இனி கடன். செப்டம்பர் 25-ம் தேதி 10,000 ரூபாய்க்கு ஒரு தண்டல். மகளிர் குழு மூலமாக வாங்கின வாரக் கடன், வாரம் 600. தெரிந்தவரிடம் பத்து வட்டிக்கு 10,000. கூட்டுறவு சங்கத்தில் தோடு அடகு 15,000. மளிகைக் கடையில் பாக்கி 4,000.

மாசம் தண்டலுக்கு 3,000, வாரக் கடனுக்கு 2,400, பத்து வட்டிக்கு 1,000. தோட்டுக்கு வருஷ வட்டி நூத்துக்குப் பத்து என்று வைத்தால் மாசத்துக்கு 125. மொத்தம் 6,525.

11,400-ம் 6,525-ம் சேர்ந்தால் 17,925. கையில் நிற்பது 1,275 ரூபாய். யாருக்காவது ஒரு காய்ச்சல் வந்தால் அதுவும் போச்சு.

எதிரே நிற்பது கிறிஸ்துமஸ். ஐந்து பேருக்குத் துணி 5,500. கேக், முறுக்கு, அதிரசம் 1,500. பிரியாணிக்குக் கறியும் அரிசியும் 1,500. ஸ்டார், சீரியல் பல்ப், குடில் சாமான் 500. காணிக்கை, கேரல் பார்ட்டிக்கு 500. ஊருக்குப் போய்வர 1,000. ஆக 10,500.

இந்த இடத்தில் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று சொல்லவா வேண்டும்?

"என்னங்க, தோட்டையாச்சும் மீட்டுக் குடுங்க. வெறுங்காதோட பூசைக்குப் போனா என் அண்ணி என்ன நெனைப்பா?"

"இரு புள்ள. தண்டல்காரரே புதுசா தரேங்கறாரு. வாங்கி எல்லாத்தையும் அடைச்சுடலாம்."

இந்த இரண்டு வரிகளில்தான் இந்தக் குடும்பத்தின் அடுத்த வருஷம் முழுக்க அடங்கியிருக்கிறது.

தண்டலின் சூட்சுமம்

தண்டல் எப்படி என்று கடைத்தெருக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 10,000 என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "ஆயிரத்தைநூறுதானே!" என்று தோன்றும்.

அந்த 8,500 நூறு நாளும் நம் கையில் இருக்கிறதா? மறுநாளே 100 ரூபாய் திரும்பப் போக ஆரம்பித்துவிடுகிறது. ஐம்பதாம் நாள் பாதிக்கு மேல் கட்டியாகிவிட்டது. அப்படிக் குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு வட்டி போட்டுப் பார்த்தால் நாளுக்கு நூத்துக்கு 33 காசு. மாசத்துக்கு ஏறக்குறைய பத்து ரூபாய். அதாவது தண்டலும் பத்து வட்டியும் அக்கா தங்கை! வருஷத்துக்கு நூத்துக்கு 120.

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அது தெரியாமல்தான் பலர் தப்பான கடனை முதலில் அடைக்கிறார்கள்.

தண்டலில் வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டார்கள். பாக்கியை நாளைக்கே மொத்தமாகக் கட்டினாலும், அவராக மனசு வைத்துத் தள்ளினால் ஒழிய ஒரு காசு மிச்சமாகாது. பத்து வட்டி அப்படி இல்லை. மாசம் 1,000 வட்டி கட்டிக்கொண்டே இருந்தால் வருஷத்தில் 12,000 போயிருக்கும், அசல் 10,000 அசையாமல் நிற்கும். அசலில் 5,000 கட்டினால் அடுத்த மாசமே வட்டி 500-ஆகக் குறையும்.

ஆகவே கையில் கூடுதலாக ஒரு தொகை வந்தால் அது போக வேண்டிய இடம் பத்து வட்டியின் அசல். தண்டல் பாட்டுக்குத் தண்டல் ஓடி முடியட்டும்.

ஓடி முடிய விடுவாரா என்பதுதான் கேள்வி. செப்டம்பர் 25-ல் வாங்கினதற்கு எழுபதாம் நாள் எது? டிசம்பர் 4! கிறிஸ்துமஸ் துணிக்குப் பணம் தேடுகிற அதே வாரம். தண்டல்காரர் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரிப்பார். "அண்ணா, ஒழுங்கா கட்டியிருக்கீங்க. புதுசா பத்து போட்டுத் தரட்டுமா?"

போட்டுத் தருவார். 10,000-ல் பழைய பாக்கி 3,000-ஐ எடுத்துக்கொள்வார். புதுசுக்கு 1,500 பிடித்துக்கொள்வார். கையில் வருவது 5,500. துணிச் செலவுக்குச் சரியாக இருக்கிறது பாருங்கள்!

நேற்று வரை கடன் 3,000. இன்று 10,000. ஏறியது 7,000, கையில் வந்தது 5,500. அந்தப் பழைய 3,000-க்கு ஏற்கெனவே வட்டி கொடுத்தாயிற்று; அதற்கே இன்னொரு தடவை வட்டி வாங்கிவிட்டார். ஜனவரி 3-ம் தேதி முடிந்திருக்க வேண்டிய நோட்டு மார்ச் 14 வரை ஓடும். காப்பிப் பறிப்பு முழுக்க முடிந்து, கூடுதல் கூலி எல்லாம் வந்து போனபிறகும் ஓடும்.

ஒரு நாள் தோடு

தோட்டுக்கு வருவோம். இது பெண்களுக்குக் கோபம் வரக்கூடிய விஷயம். இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

சங்கத்தில் இருக்கிற 15,000 ரூபாய்த் தோட்டுக்கு மாச வட்டி 125. அதை மீட்க வெளியே 15,000 பத்து வட்டிக்கு வாங்கினால் மாச வட்டி 1,500. கிறிஸ்துமஸ் பூசைக்கும் புது வருஷப் பூசைக்கும் போட்டுக்கொண்டு, ஜனவரியில் அதே தோட்டை அதே சங்கத்தில் திரும்ப வைப்பது மலையில் மட்டுமல்ல, ஊர் உலகம் முழுக்க நடக்கிறது. இரண்டு நாள் காதில் தொங்கியதற்கு வாடகை 1,375 ரூபாய். ஜனவரியில் திரும்ப வைக்காமல் விட்டால் மாசா மாசம் அதே 1,375!

இருக்கிற கடன்களிலேயே மலிவான கடன் அந்தத் தோடுதான். அது கடைசியாகத் திரும்ப வேண்டிய சரக்கு. வட்டியை மட்டும் தவறாமல் கட்டி, கெடு தேதியைப் பார்த்து, ஏலத்துக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். அண்ணி என்ன நினைப்பாள் என்றால், அண்ணியின் வளையல் எந்த சங்கத்தில் இருக்கிறதோ, யார் கண்டது?

மளிகைக் கடை பாக்கி 4,000-க்கு வட்டியே கிடையாது. பார்த்தால் தலைகுனிகிறோமே என்று அதை அடைக்க வட்டிக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரரிடம் நேரே போய், "அண்ணா, பறிப்பு முடிஞ்சதும் ஜனவரி பிப்ரவரியில ரெண்டு தவணையா தரேன்" என்று சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை. கடைக்காரருக்குப் பிடிக்காதது பாக்கி வைக்கிற ஆளை அல்ல. பாக்கி வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிற ஆளைத்தான். இதைப் படிக்கிற கடைக்காரர்கள் இல்லையென்று சொல்லட்டும்!

போனஸ் எங்கே போச்சு?

கிறிஸ்தவத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. போனஸ் வருவது தீபாவளிக்கு, பண்டிகை வருவது டிசம்பரில். 2025-ல் தீபாவளி அக்டோபர் 20. 2026-ல் நவம்பர் 8. நடுவில் ஒன்றரை இரண்டு மாசம் அந்தப் பணம் வீட்டில் தங்குமா? பக்கத்து லைனில் பட்டாசு வெடிக்கும்போது நம் பிள்ளை மட்டும் சும்மா இருக்குமா?

போனஸ் யாரும் தருகிற இனாம் இல்லை. 1965-ல் வந்த போனஸ் சட்டம், லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் குறைந்தது 8.33 சதவீதம் தர வேண்டும் என்று வைத்தது. பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாசச் சம்பளம். 2015-ல் வந்த திருத்தப்படி, கணக்குக்கு எடுக்க வேண்டிய சம்பளம் மாசம் 7,000 அல்லது குறைந்தபட்சக் கூலி, எது அதிகமோ அது. 2019-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த 8.33 சதவீதம் அப்படியே இருக்கிறது. வருஷத்தில் 30 நாள் வேலை செய்தவருக்கும் உண்டு. செய்த வேலைக்குத் தக்கபடி. தற்காலிக ஆள்தானே என்று ஒதுக்க முடியாது.

கணக்கு வருஷம் முடிந்து எட்டு மாசத்துக்குள் கொடுத்தாக வேண்டும். மார்ச் 31-ல் கணக்கு முடிக்கிற இடத்தில் கடைசி நாள் நவம்பர் 30. கிறிஸ்துமஸுக்கு 25 நாள் முன்னே. இந்தத் தேதியை லைன் வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் தகும்.

நம் கணக்கு வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து போனஸ் 14,000 அக்டோபரில் வந்தது என்று வைப்போம். வந்த அன்றே 10,000 ரூபாயைப் பத்து வட்டிக்காரர் கையில் கொடுத்து, புரோநோட்டை வாங்கிக் கிழித்துப் போட்டால்? மாசம் 1,000 ரூபாய் மிச்சம். மீதி 4,000 கையில்.

அக்டோபர் மிச்சம் 1,275. நவம்பரில் வட்டி இல்லாததால் மிச்சம் 2,275. போனஸ் மீதி 4,000. மொத்தம் 7,550.

கிறிஸ்துமஸ் பட்ஜெட் 10,500-ல் துணியில் மட்டும் கை வைக்க வேண்டும். பிள்ளைகள் மூன்று பேருக்கும் புதுத்துணி 2,500. பெரியவர்கள் இருவருக்கும் இந்த வருஷம் இல்லை. இப்போது செலவு 7,500. மிச்சம் 50 ரூபாய்!

பிள்ளைக்குப் புதுத்துணி எதற்கு, கேக் எதற்கு என்று உபதேசம் செய்ய நாம் வரவில்லை. வருஷம் முழுக்க அட்டை கடியிலும் பனியிலும் வேலை பார்க்கிறவன் ஒரு நாள் பிரியாணி தின்பது ஆடம்பரம் ஆகாது. அதைக் குறை என்று சொல்கிற பெரிய மனுஷர்கள் தங்கள் வீட்டுக் கல்யாண மண்டப வாடகையை முதலில் பார்க்கட்டும். துணியை மட்டும் தீபாவளி முடிந்த கையோடு சேலத்தில் எடுத்துவிட்டால் நல்லது. முதல் அக்ரஹாரம், சின்னக்கடை வீதியில் மீந்த சரக்கைத் தள்ளப் பார்க்கிற நேரம், பேரம் படியும். டிசம்பர் 20-க்கு மேல் போனால் கடைக்காரர் சொன்னதுதான் விலை.

சீட்டுப் போட்டவர் பாடு

இந்த இடைவெளியை அடைக்கத்தான் சீட்டு என்று ஒன்று வந்தது. தீபாவளிச் சீட்டு, பலகாரச் சீட்டு, கிறிஸ்துமஸ் சீட்டு. மாசம் இவ்வளவு கட்டினால் பண்டிகைக்கு முன் துணி, எண்ணெய், ஒரு எவர்சில்வர் பாத்திரம் என்று மொத்தமாகத் தருவார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலுள்ள கார்லைல் என்ற ஊரில் ஒரு பாங்க் 1909-லேயே 'கிறிஸ்துமஸ் கிளப்' என்று இதைத்தான் ஆரம்பித்தது. நம் ஊர்ச் சீட்டுக்கு அது ஒன்றுவிட்ட அண்ணன்.

நடத்துகிறவர் நாணயஸ்தராக இருக்கிறவரை நல்ல ஏற்பாடுதான். டிசம்பரில் கடை பூட்டியிருந்தால்? படிக்காத ஏழைகள்தான் இதில் ஏமாறுவார்கள் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பேர்பேக் என்ற கிறிஸ்துமஸ் சேமிப்புக் கம்பெனி 2006 அக்டோபரில் திவாலானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள், பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள், வருஷம் முழுக்கக் கட்டின பணம். பண்டிகைக்குப் பத்து வாரம் இருக்கும்போது எல்லாம் போச்சு.

1982-ல் வந்த சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு நம்பர் கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் பணம் கட்டாமல் இருப்பது உத்தமம். பாங்கியிலோ தபால் ஆபீசிலோ மாசா மாசம் கட்டுகிற ஆர்.டி. இருக்கிறது. பாத்திரம் தர மாட்டார்கள், பணம் இருக்கும்.

மகளிர் குழு என்பதும் நம் பக்கத்து ஊரில் பிறந்ததுதான். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பித்து, அப்புறம் சேலத்துக்கு வந்தது. பத்திருபது பெண்கள் சேர்ந்து சேமித்து, அந்தப் பணத்தையே தங்களுக்குள் குறைந்த வட்டிக்குச் சுற்ற விடுவது அதன் உயிர். சேமிப்பை விட்டுவிட்டு, வெளிக் கம்பெனி கொடுக்கிற வாரக் கடனுக்கு ஆள் சேர்க்கிற இடமாகக் குழு மாறிப்போனால், பேர் மட்டும்தான் மிஞ்சும்.

வாசலில் வந்து நின்றால்

வாரக் கடன் கம்பெனிகளுக்கு ரிசர்வ் பாங்க் 2022 ஏப்ரல் முதல் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாச வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. 19,200 வருமானம் என்றால் 9,600. முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக்கூடாது. ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் உட்கார்ந்து சத்தம் போடுகிறவரிடம் இதைச் சொல்லலாம்.

தனி ஆள் வட்டிக்கு 2003-ல் வந்த தமிழ்நாடு அதீத வட்டி தடைச் சட்டம் இருக்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி, தண்டல் எல்லாம் பேர் சொல்லியே தடை செய்த சட்டம். மூன்று வருஷம் வரை ஜெயில், 30,000 ரூபாய் வரை அபராதம். மிரட்டி வசூலிக்கிற கடன் நிறுவனங்களுக்காக 2025-ல் தனியாக இன்னொரு சட்டமும் போட்டார்கள்.

சட்டம் இருந்தும் என்ன நடந்தது என்பதை நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசல் சொல்லும். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, மனு நாள். கந்துவட்டிக் கொடுமை என்று மனு மேல் மனு கொடுத்துப் பார்த்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு அங்கேயே தீயில் கருகினார். நால்வரும் செத்துப் போனார்கள். அதற்குப் பிறகு கலெக்டர் ஆபீஸ்களில் மனு கொடுக்க வருகிறவர்களின் பையில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று போலீசார் சோதனை போட ஆரம்பித்தார்கள். 2022-ல் 'ஆபரேஷன் கந்துவட்டி' என்று ஒரு வேட்டையும் நடந்தது.

மனுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டுப் பையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் எப்படி என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

தோட்டத்து மக்களுக்கு முன்பணம் என்பது பழைய விலங்கு. 'பரதேசி' படம் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கங்காணி கொடுத்த அட்வான்ஸ், வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் குறையாமலே நிற்கும். 1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்த மாதிரிக் கடனையே செல்லாது என்று ஆக்கியது. இப்போது கங்காணி இல்லை. ரேஷன் கார்டையும் ஏ.டி.எம். கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுக்கிற ஆள் இருக்கிறார். சம்பளம் பாங்கியில் ஏறின அன்றைக்கே கார்டோடு போய் அவரே எடுத்துக்கொள்வார். அந்த இரண்டு கார்டையும், எழுதாத பத்திரத்தில் கையெழுத்தையும் மட்டும் யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது. என்ன அவசரமானாலும் சரி.

ஜனவரி 3

புதுக் கடன் வாங்காமல் டிசம்பரைத் தாண்டிவிட்டால் நம் கணக்கு வீட்டில் ஜனவரி 3-ம் தேதி தண்டல் நோட்டில் நூறாவது கட்டம் நிரம்புகிறது. பத்து வட்டி ஏற்கெனவே போயிற்று. மாசம் 3,000-ம் 1,000-ம் கையில் நிற்கிறது. அதே நேரம் நல்ல பறிப்பு, கிலோக் கூலி. கடைக்காரர் பாக்கி 4,000-ஐ இரண்டு தவணையில் முடிக்கலாம். மார்ச்சிலிருந்து சேர்க்கிற பணத்தில் அடுத்த வருஷத்துக்குள்ளேயே தோடு தன் காலால் நடந்து வந்துவிடும்.

அன்றைக்கு நூறாவது நூறு ரூபாயை வாங்கிக்கொள்ளும் தண்டல்காரர் உடனே கிளம்ப மாட்டார். ஒரு டீ கேட்பார். பொங்கலுக்குப் பன்னிரண்டே நாள்தான் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும்.